இருபத்தேழு நாட்கள் அடைபட்ட மடை: ஒரு கார் பருவத்தின் நிகழ்வு ஆய்வு

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றிலிருந்து பிரியும் கால்வாயால் நிரம்பும் குளம் ஒன்றில், நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் தலைவர் தண்ணீர் குறைந்த ஒரு கார் பருவத்தில் எடுத்த முடிவுகளையும் அவற்றின் விளைவுகளையும் இங்கே பதிவு செய்கிறேன். நான் அந்தச் சங்கத்தின் முறைத் தண்ணீர் நோட்டை, அதாவது யார் மடை எந்த நாளில் திறந்தது என்ற கணக்கை, எழுதியவன். நடுமடையில் எனக்கும் ஒன்றரை ஏக்கர் வயல் உண்டு. ஆட்களை அடையாளம் காட்டிவிடும் என்பதால் ஊரின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிடவில்லை. தேதிகளும் மூடைக் கணக்கும் நோட்டில் உள்ளபடியே உள்ளன.

பின்னணி

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரு பருவங்கள். பிசானத்துக்கு வடகிழக்குப் பருவமழை துணை நிற்கும். காருக்கு அப்படி ஒரு துணை கிடையாது. பொதிகை மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையையும், அது நிரப்பும் பாபநாசம், சேர்வலாறு அணைகளையும் நம்பியே கார் நடவு நடக்கிறது. ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பது வழக்கம். நான் எழுதும் ஆண்டில் சாரல் பிந்தியது. 143 அடி கொள்ளும் பாபநாசம் அணையின் மட்டத்தைத் தினமும் நாளிதழில் பார்த்துவிட்டுத்தான் ஊரில் பேச்சே தொடங்கும் என்ற நிலை இருந்தது. ஜூன் கடைசி வாரத்தில்தான் கால்வாயில் தண்ணீர் வந்தது, அதுவும் அரைக்கால்வாய் அளவுக்கே.

எங்கள் குளத்தின் பெரிய மடையிலிருந்து இறங்கும் வாய்க்கால் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் ஓடி, ரயில் பாதைக்கு அருகில் முடிகிறது. குளத்துக்கரையை ஒட்டிய தலைமடை வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரோடு கரைக் கசிவும் கிடைக்கும். கடைமடைக்கு அந்தக் கசிவும் இல்லை; மேலே உள்ளவர்கள் மிச்சம் வைத்தது மட்டுமே. முந்தைய இரண்டு கார் பருவங்களில் கடைமடையில் பெரும்பாலான வயல்கள் தரிசாகக் கிடந்தன. பாசனத்தை விவசாயிகளே நிர்வகிக்க வகை செய்யும் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சங்கம் அமைந்தது. தேர்தல் நடந்து, நிர்வாகிகள் இருந்து, தீர்மானங்களும் எழுதப்பட்டன. முறைவைத்துத் தண்ணீர் விடுவது என்ற தீர்மானம் மட்டுமே நான்கு முறை எழுதப்பட்டிருக்கிறது. ஒரு முறைகூட அது ஒரு வாரம் தாண்டவில்லை.

புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவருக்கு அப்போது அறுபது வயதை ஒட்டி இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அண்ணாச்சி. தலைமடையில் அவருக்கு நான்கு ஏக்கர். இரண்டை அவரே பயிரிட்டார், இரண்டை வாரத்துக்கு விட்டிருந்தார். வாரம் என்றால் விதை, உரச் செலவிலும் விளைச்சலிலும் ஆளுக்குப் பாதி. நான்கு ஏக்கருக்கும் பொதுவாக ஓர் ஆழ்துளைக் கிணறும் இருந்தது. இந்த விவரங்கள் பின்னால் தேவைப்படும்.

ஆனி மாதத்தில் கண்டது

தண்ணீர் திறக்கும் முன் அண்ணாச்சியும் நானும் எங்கள் நீர்ப்பாய்ச்சியும் வாய்க்கால் நெடுக நடந்து பார்த்தோம். நீர்ப்பாய்ச்சிக்கு ஐம்பது வயது; சொந்த நிலம் கிடையாது; கோட்டைக்கு இத்தனை மரக்கால் என்று அறுவடையில் நெல் வாங்கிக்கொண்டு இருபது ஆண்டுகளாக அந்த மடைகளைத் திறந்து அடைத்து வருபவர். நடுமடைக்குக் கீழே வாய்க்காலை அமலைச் செடியும் காட்டாமணக்கும் மூடியிருந்தன. சில இடங்களில் வண்டல் ஏறி, வாய்க்காலின் தரை பக்கத்து வயலின் மட்டத்துக்கே வந்திருந்தது.

நீர்ப்பாய்ச்சி ஓரிடத்தில் நின்று மம்பட்டிக் காம்பை வாய்க்காலுக்குள் ஊன்றிக் காட்டினார். முன்பு காம்பில் பாதி மறையுமாம். இப்போது நான்கு விரல் அளவே இறங்கியது. "தண்ணி பத்தலைன்னு சொல்லுதாவ. தண்ணிக்குப் போறதுக்கு வழியில்லை, அண்ணாச்சி," என்றார். மேலே பத்துப் பன்னிரண்டு வாய்மடைகள் (வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வழிகள்) ஒரே நேரத்தில் திறந்திருக்கும்போது, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து, மீதியும் காய்ந்த மண்ணில் உறிஞ்சப்பட்டு, கடைமடைக்கு ஈரம் மட்டுமே போய்ச் சேரும் என்பதையும் விளக்கினார். மேல்மடைகளை எல்லாம் அடைத்து மொத்தத் தண்ணீரையும் ஒரே ஓட்டமாகக் கீழே அனுப்பினால், அதே தண்ணீர் கடைசி வயல்வரை போகும். அவருக்கு இது இருபது ஆண்டுகளாகத் தெரியும். கேட்கத்தான் ஆளில்லை.

முதல் முடிவு: கடைமடையிலிருந்து வெட்டுவது

வாய்க்காலைத் தூர்வார இயந்திரம் அமர்த்தலாம் என்று கூட்டத்தில் பலர் சொன்னார்கள். அண்ணாச்சி இரண்டு காரணங்களால் அதை ஏற்கவில்லை. சங்கத்தில் பணம் இல்லை என்பது ஒன்று. குறுகலான அந்த வாய்க்காலில் இயந்திரம் இறங்கினால் தரையை ஆழமாகத் தோண்டிவிடும், பிறகு குறைந்த தண்ணீர் வயலுக்கு ஏறாது என்பது மற்றொன்று. பழைய குடிமராமத்து முறைப்படி வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று கேட்டார். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். இந்தத் தலையாட்டலுக்கு நீண்ட வரலாறு உண்டு. குடிமராமத்துக்காகச் சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்தைக் காட்டி ஆட்களைக் கரைக்கு வரவழைப்பது அப்போதும் எளிதாக இருக்கவில்லை.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு வந்தவர்கள் ஐந்து பேர்: அண்ணாச்சி, அவர் மனைவி, வாரக்காரர், நீர்ப்பாய்ச்சி, நான். எங்கள் ஊர் வழக்கப்படி அவரவர் வரப்பை ஒட்டிய பகுதியை அவரவர் வெட்டுவார்கள்; அதன்படி அண்ணாச்சிக்கு வேலையே இல்லை, ஏனென்றால் தலைமடைப் பகுதி சுத்தமாகத்தான் இருந்தது. அவர் ரயில் பாதை ஓரத்தில், வாய்க்காலின் கடைசி முனையில் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பளவு அமலைச் செடிக்குள் நின்று, வேரோடு அள்ளிக் கரையில் போட்டார். அங்கே வெட்டுவதால் அவர் வயலுக்கு ஒரு சொட்டும் கூடப் போவதில்லை என்பது பார்த்த எவருக்கும் தெரியும்.

கடைசி வயலுக்குரிய ஆச்சி முதல் நாள் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார். இரண்டாம் நாள் தன் மகளோடு கூடை எடுத்து வந்தார். மூன்றாம் நாள் பதினொரு பேர், ஆறாம் நாள் நாற்பதுக்கும் மேல். வராத வீட்டுக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை, அபராதமும் பேசவில்லை. எட்டு நாளில் நடுமடைவரை வேலை முடிந்தது. அந்த எட்டு நாளும் மதியச் சாப்பாட்டை எல்லோரும் ஒரே மரத்தடியில் பிரித்து உண்டோம். தலைமடைக்காரர் சிலர் கடைமடை வயலைக் கிட்டத்தில் பார்த்தது அப்போதுதான் முதல் முறை என்று அவர்களே சொன்னார்கள். ஒரே ஊரில் பிறந்தவர்கள் இப்படிச் சொன்னதை நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இரண்டாவது முடிவு: தன் மடையைக் கடைசியாக வைத்தது

ஆடி 10ஆம் தேதியை ஒட்டி நடவு முடிந்தது. பெரும்பாலோர் நட்டது அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 என்ற குறுகிய காலக் குண்டு ரகம். பயிர் வேர் பிடித்ததும், ஆடி 20ஆம் தேதி முறைவைத்துத் தண்ணீர் விடுவது தொடங்கியது. வழக்கமாகத் தலைமடையில் தொடங்கும் முறையை அண்ணாச்சி தலைகீழாக்கினார். கடைமடை முதலில், நடுமடை அடுத்து, தலைமடை பிறகு, தலைமடையிலும் தன் மடை எல்லோருக்கும் கடைசி. "கடைசி வயல் நனையாம என் மடை திறக்காது," என்று கூட்டத்தில் சொல்லி, தன் வாய்மடையைக் களிமண்ணால் அடைத்து, மேலே பலகையும் வைத்தார்.

இந்த முடிவுக்குப் பயிரியல் அடிப்படையும் இருந்தது. நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடலாம் என்பதை வேளாண் அலுவலர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் புதைத்து, அதற்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு அடுத்த தண்ணீர் கட்டினால் போதும், தூர் கட்டும் பருவத்தில் விளைச்சல் குறையாது. தலைமடைக்காரர்கள் களை முளைக்காமல் இருக்கவே தண்ணீரைத் தேக்கி வைத்தார்கள். தன் வயலைக் காய விட்டு, பயிர் கெடவில்லை என்று காட்டினால் மற்றவர்களும் பின்பற்றுவார்கள் என்பது அண்ணாச்சியின் கணக்கு. ஆனால் அந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. கதிர் வெளிவருமுன் தண்டுக்குள் பருக்கும் தொண்டைக்கதிர் பருவத்திலிருந்து பூத்து முடியும்வரை வயல் காயக் கூடாது. காய்ந்தால் நெல் மணி பிடிக்காமல் சாவியாகிவிடும். இந்த எல்லையை நாங்கள் நோட்டில் எழுதவில்லை.

நம்பாத நாட்களும் ஃபியூஸ் கட்டையும்

முதல் சுற்றில் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் தலைமடையில் முணுமுணுப்பு எழுந்தது. அண்ணாச்சிக்குப் போர் (ஆழ்துளைக் கிணறு) இருக்கிறது, மடையை அடைத்தால் அவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இரவில் இரண்டு வாய்மடைகள் திறந்துகிடந்தன. அவற்றில் ஒன்று அண்ணாச்சியின் அண்ணன் மகனுடையது. அதையும் மற்றதைப் போலவே நோட்டில் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன்.

ஆடி 25ஆம் தேதி மாலை அவர் மோட்டார் அறைக்குள் போய், ஃபியூஸ் கட்டைகள் மூன்றையும் கழற்றி, துண்டில் முடிந்து கொண்டுவந்தார். சங்கக் கட்டடத்தின் சுவரில், முறைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியை அடித்து அவற்றை மாட்டினார். வெள்ளைப் பீங்கான் கட்டைகள் அந்தப் பருவம் முழுவதும் அங்கே தொங்கின. பட்டியலைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அவற்றைப் பார்த்தார்கள். அதன்பின் போரைப் பற்றிய பேச்சு நின்றது. இரவில் மடை திறப்பதும் மூன்று வாரங்களுக்கு நின்றது.

அந்த வேளையில் அதை நான் பெரிதும் மதித்தேன். இப்போது என் மதிப்பீடு வேறு. போர்த் தண்ணீர் வாய்க்கால் தண்ணீரில் பங்கு கேட்பதல்ல. அதை நிறுத்தியதால் கடைமடைக்கு ஒரு படி தண்ணீரும் கூடவில்லை. அது சந்தேகத்துக்குச் சொன்ன பதில் மட்டுமே. பதில் பலித்தது உண்மை. ஆனால் அந்த மோட்டாரை நம்பி இருந்த இன்னொருவரை நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆவணி: இருபத்தேழு நாட்கள்

அண்ணாச்சியின் மடை முதல் சுற்றில் ஆவணி 2ஆம் தேதி திறந்தது. இரண்டாம் சுற்றில் கால்வாய் வரத்து மேலும் குறைந்தது. தாமதமாக நட்ட கடைமடைப் பயிர்கள் வெளுக்கத் தொடங்கியதால், அண்ணாச்சி தன் முறையை விட்டுக்கொடுத்து அந்தத் தண்ணீரைக் கீழே அனுப்பினார். அவர் மடை அடுத்துத் திறந்தது ஆவணி 29ஆம் தேதி, இருபத்தேழு நாட்கள் கழித்து. கரைக் கசிவு இருந்ததால்தான் பயிர் உயிரோடு நின்றது. அதற்குள் தொண்டைக்கதிர் வந்துவிட்டது.

இடையில், மூன்றாம் சுற்றின்போது, அவருக்குக் காய்ச்சல் கண்டு எட்டு நாள் படுக்கையில் இருந்தார். அவர் கரைக்கு வராத இரண்டாம் இரவே மூன்று வாய்மடைகள் திறக்கப்பட்டன. காலையில் நீர்ப்பாய்ச்சி அடைத்தார். இரவில் மறுபடி திறந்தன. அவர் சொல்லை யாரும் கேட்கவில்லை. நான்காம் இரவு ஆச்சியும் அவர் மகளும் நானும் நீர்ப்பாய்ச்சியோடு அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு தலைமடையில் உட்கார்ந்தோம். பதினொரு மணிக்கு மம்பட்டியோடு வந்த ஒருவர் எங்களைப் பார்த்துத் தயங்கி நின்றார். தூர்வாரலில் ஆச்சியோடு ஒரே கூடையைத் தூக்கியவர் அவர். ஆச்சி, "உக்காருய்யா, தண்ணி இன்னும் என் வயலுக்கு வந்து சேரலை," என்று மட்டும் சொன்னார். அவர் உட்கார்ந்தார். இரண்டு மணிக்குத் தண்ணீர் சேர்ந்ததாகச் செய்தி வந்த பிறகே எழுந்து போனார். மறுநாளிலிருந்து நான்கு வீடுகள் முறை போட்டுக் காவலுக்கு வந்தன.

வாரக்காரரின் கேள்வி

பூத்து முடிந்தபோதே வாரக்காரருக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஒரு கதிரைப் பறித்து, உள்ளங்கையில் உருவி, ஊதினார். பாதிக்கு மேல் பறந்தது. அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அறுவடை ஐப்பசி முதல் வாரத்தில் நடந்தது. ஏக்கருக்கு முப்பது மூடை காணும் அண்ணாச்சியின் நிலம் பதினேழு மூடை கண்டது. வாரத்து வயலும் அப்படியே. இரண்டு கார் பருவங்களாகத் தரிசாகக் கிடந்த ஆச்சியின் வயல் ஏக்கருக்கு இருபத்துநான்கு மூடை கொடுத்தது. கடைமடையில் நட்டவர்கள் எல்லோரும் அறுத்தார்கள்.

களத்தில் வாரம் அளக்கும்போது அண்ணாச்சி தன் பங்கு வேண்டாம் என்றார். உரச் செலவில் வாரக்காரரின் பாதியையும் தானே ஏற்பதாகச் சொன்னார். வாரக்காரர் நெல்லை எடுத்துக்கொண்டார். பிறகு, மூடைகளைத் தைத்துக்கொண்டே, "நீங்க கேட்டிருந்தா நானே சரின்னுதான் சொல்லியிருப்பேன், அண்ணாச்சி. கேக்கலையே," என்றார். அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. அவர் நெடுநேரம் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். மடையை அடைத்தபோதும் சரி, ஃபியூஸ் கட்டையைக் கழற்றியபோதும் சரி, தன் நான்கு ஏக்கரைத் தான் விட்டுக்கொடுப்பதாகவே அவர் எண்ணியிருந்தார். நிலம் அவருடையதுதான். அதில் இரண்டு ஏக்கரின் விளைச்சலில் பாதி இன்னொருவருடையது, அந்த இன்னொருவருக்கு வேறு வரும்படியும் இல்லை. ஊர் பாராட்டிய தியாகத்தில் ஒரு பங்கை அவர் அறியாமலே வேறொருவர் வீட்டிலிருந்து எடுத்திருந்தார். நோட்டில் தேதி போட்டுக்கொண்டிருந்த நானும் அதைக் கேட்கவில்லை; இந்தப் பதிவை எழுதுவதற்கு முதல் காரணம் அதுதான்.

மாற்ற வேண்டியவை

அண்ணாச்சியின் முன்மாதிரியில் எது ஊரை அசைத்தது என்று கேட்டால், அடைபட்ட மடையைவிட எட்டு நாள் தூர்வாரலையே நான் சொல்வேன். மடையை அடைத்ததை எல்லோரும் மதித்தார்கள். மதித்தவர்களில் மூவர் அவர் காய்ச்சலில் படுத்ததும் திறந்தார்கள். அன்றிரவு மம்பட்டியோடு வந்தவரை உட்கார வைத்தது, ஒரே சேற்றில் நின்று ஒரே கூடையைத் தூக்கிய பழக்கம். தலைவர் தனியாக இழப்பதைப் பார்க்கிறவர்களுக்கு அதில் வேலை எதுவும் இல்லை; அவரோடு சேர்ந்து செய்கிறபோதுதான் காரியம் தங்களுடையதாகிறது. இரண்டும் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. அவர் முதலில் இறங்கியிருக்காவிட்டால் அந்தக் கூடையும் இல்லை.

பயிரின் பருவத்தை விடத் தலைவரின் வாக்கு பெரிதாகிவிட்டதும் பிழை. தூர் கட்டும் பருவத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வயலைக் காய விடலாம், தொண்டைக்கதிர் கண்டதும் தலைமடை ஆனாலும் கடைமடை ஆனாலும் அந்த வயலுக்கு முதல் தண்ணீர் என்று முதலிலேயே எழுதியிருந்தால், அவர் வாக்கும் நின்றிருக்கும், பயிரும் நின்றிருக்கும். அதோடு, அவர் பதினேழு மூடை கண்டது அடுத்த ஆண்டுக்கு ஒரு தவறான பாடத்தையும் விட்டுச் சென்றது: காய்ச்சலும் பாய்ச்சலும் விளைச்சலைக் குறைக்கும் என்று தலைமடையில் சிலர் இன்றும் அந்த வயலைக் காட்டிப் பேசுகிறார்கள். குறைத்தது அந்த முறை அல்ல, எல்லை கடந்த இருபத்தேழு நாட்கள் என்று விளக்க வேண்டியிருக்கிறது.

சந்தேகத்துக்கு ஃபியூஸ் கட்டையைவிட நோட்டே நல்ல பதிலாக இருந்திருக்கும். இப்போது நோட்டு என்னிடம் இல்லை. கடைமடையில் ஒருவர், நடுமடையில் ஒருவர், தலைமடையில் ஒருவர் என்று பத்து நாளுக்கு ஒருமுறை கைமாறுகிறது, நீர்ப்பாய்ச்சி சொல்வதை வைத்திருப்பவர் எழுதுகிறார். மடையை மாற்றித் திறக்கும் அதிகாரம் நீர்ப்பாய்ச்சிக்கு மட்டுமே என்ற தீர்மானத்தில் எல்லோரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கையெழுத்து வாங்கும்போது பட்டாதாரர்களின் பெயர்களே பட்டியலில் இருந்தன. அண்ணாச்சி அதை வாங்கிப் பார்த்து, தன் பெயருக்குக் கீழே வாரக்காரரின் பெயரைத் தன் கையால் எழுதி, மற்ற வாரக்காரர்களையும் பாட்டக்காரர்களையும் கூப்பிட்டு வரும்வரை கூட்டத்தைத் தொடங்க வேண்டாம் என்றார். ஏழு பேர் வந்தார்கள். ஒருவர் வெளியூரில் சித்தாள் வேலைக்குப் போயிருந்ததால், அவருக்காகக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

ஃபியூஸ் கட்டைகளை அறுவடை முடிந்த மறுநாளே வாரக்காரர் வந்து எடுத்துப் போனார். ஆணி இன்னும் சுவரில் இருக்கிறது. அதில் இப்போது முறை நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.